ஓடுவது தன்னலமா?

சென்ற மாதம் அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எம் காதருகே சாய்ந்து, "தம்பி, உம்மை விடியக்காலமை றோட்டிலை ஓடேக்கை கண்டனான். வீட்டிலை ஏதும் பிரச்சினையே?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். 47 வயது மனிதர், பிள்ளை குட்டிக்காரர், அரைக் காற்சட்டையுடன் காலை 6 மணிக்கு வீதியில் ஓடுகிறார் என்றால், ஒன்றில் பேருந்தைத் தவறவிட்டிருக்க வேண்டும் அல்லது யாருக்கோ சுகமில்லாமல் இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் ஓடுவது எமது சனத்தின் அகராதியில் இல்லாத செயல்.

"ஒண்டுமில்லை ஐயா, சும்மாதான்" என்றோம். "சும்மாவோ?" என்று சொல்லிவிட்டு அவர் பாயாசத்துக்குத் திரும்பினார். அந்தச் 'சும்மா' எம்மை வீடுவரை தொடர்ந்து வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேறொரு விடயமும் இருக்கிறது. அதை இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. இங்கிலாந்தில் 40 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டவர்களை 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை இலவச உடல்நலப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். 2023 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் எமக்கும் அந்தக் கடிதம் வந்தது. போனோம். இரத்தத்தில் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற அளவு எமக்கு 46. 48 ஆனால் நீரிழிவு. 42 முதல் 47 வரை வாசற்படி. கணக்காளருக்கு எண்களைச் சொன்னால் போதும், பயமுறுத்தத் தேவையில்லை. உயரத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தில் வெள்ளையருக்கு எச்சரிக்கை 25 இல் தொடங்குகிறது, எம்மைப் போன்ற தெற்காசியருக்கு 23 இலேயே தொடங்கிவிடுகிறது என்றும் அங்கிருந்த தாதி விளக்கினார். எமது ஆட்களுக்கு இந்த நோய் இளவயதிலேயே வருகிறது, மெல்லிய உடம்புக்காரரையும் விடுவதில்லை. கோயில் வரிசையில் நிற்கும்போது எத்தனை குடும்பங்களில் இதே கதை ஓடுகிறது என்பதை வாசகர்கள் எம்மைவிட நன்றாக அறிவார்கள்.

சோபாவில் இருப்பவரை 9 கிழமைகளில் 5 கிலோமீற்றர் ஓட வைக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. 1996 இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்தது. இங்குள்ள சுகாதார சேவையும் அதனைப் பரிந்துரைக்கிறது. முதற் கிழமையில் 60 விநாடி ஓட வேண்டும், 90 விநாடி நடக்க வேண்டும். இப்படி மாறி மாறி 20 நிமிடம். வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. 60 விநாடி என்ன பெரிய விடயம்? மூன்றாவது 60 விநாடியில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கார்த்திகை மாதம், காலை 5.45, இருட்டு, தூறல். தலையை மூடும் சட்டை ஒன்றைப் போட்டிருந்தோம். குளிருக்காக மட்டும் அன்று, தெரிந்தவர் யாரும் காணக்கூடாது என்பதற்காகவும்.

ஏன் அந்த ஒளிப்பு? களவு செய்யவில்லையே. இதனைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஓட்டம் என்பது எமது தலைமுறைக்கு விளையாட்டுச் சொல் அன்று. 'ஓடுப்பட்டுத் திரிஞ்ச காலம்' என்றுதான் எமது அம்மா இன்றும் சொல்லுவார். பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் மரதன் ஓட்டம் வைப்பார்கள். அதில் ஒருமுறை 14 ஆவதாக வந்தோம். ஓட்டத்தில் எமக்கிருந்த சாதனை அவ்வளவே. அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் வேறு வகை.

1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எமக்கு அப்போது 17 வயது, உயர்தர வகுப்பு மாணவர். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நாம் முன்னால் பிடித்து உருட்ட, பின்னால் இருந்து தள்ளியவர் எமது ஒழுங்கையைச் சேர்ந்த நண்பர் ஒருவர். எம்மைவிட ஒரு வயது மூத்தவர். அவரது வீட்டுச் சாமான்கள் பாதி அவரது முதுகில், மற்றக் கை எமது அம்மம்மாவின் தோளில். மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வழி முழுவதும் சனம். அன்று பல இலட்சம் பேர் அந்த ஒரு வழியால் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி 10 மைல் அளவுதான். எமக்கு ஓர் இரவும் மறுநாள் மாலையும் எடுத்தது. ஓர் அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

'ஓடி வந்தோம்' என்று சொல்லுகிறோமே, அன்று யாருமே ஓடவில்லை. ஓட இடமில்லை. அதற்குப் பின்னரும் அப்படியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து முடித்து, 2007 இல் இந்த நாட்டுக்கு வந்து, வழக்கு முடியும் வரை மூன்றாண்டு காலம் ஓர் அறையில் மூன்று பேருடன் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி ஓடுபவர் என்று உலகம் நினைக்கிறது. உண்மையில் அகதி காத்திருப்பவர். பாலத்தடியில், சோதனைச் சாவடியில், முகவரின் அறையில், வரிசையில். எவ்வளவு வேகமாகப் போவது என்பதைத் தாம் தீர்மானிக்க முடியாதவர்.

அதனால்தானோ என்னவோ, அந்தத் திட்டத்தின் ஐந்தாவது கிழமையில் முதன்முறையாக 20 நிமிடம் நிற்காமல் ஓடிய காலைப்பொழுதில் எமக்குக் கண்ணீர் வந்தது. யாரும் துரத்தவில்லை. யாரும் மறிக்கவில்லை. ஒரு நாயோடு நடந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒதுங்கி வழிவிட்டு "மோர்னிங்" என்றார். வேகம் எம் கையில், அல்லது எம் காலில், இருந்தது. இப்படி ஒரு சுகம் உண்டென்று எமக்கு 45 வயதுவரை தெரியாது.

சுகம் என்றவுடன் குற்ற உணர்வும் வந்துவிட்டது.

எமது வளர்ப்பு அப்படி. ஆண்பிள்ளையின் உடம்பு வீட்டுக்குச் சொந்தம். சகோதரிகளின் கலியாணம், ஊரில் வீடு திருத்துவது, பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு வட்டி. ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து 90 பவுண். அதைக் கடையில் கையில் எடுத்தபோது அது ஊரில் யாருக்கு எத்தனை மாத மருந்துச் செலவு என்ற கணக்கு தானாகவே ஓடியது. நேரமும் அப்படித்தான். சனிக்கிழமைக் காலை என்பது ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் நேரம், தமிழ்ப் பள்ளிக்கூட நேரம். துணைவியார் தடுக்கவில்லை. "ஓடுறதெண்டால் ஓடுங்கோ. பத்து மணிக்குப் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை விடுறது ஆர் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு ஓடுங்கோ" என்றார். நியாயமான கேள்வி. ஓடி முடித்து, குளிக்காமல், வியர்வையோடு காரை ஓட்டி, பள்ளிக்கூட வாசலில் மகனை இறக்கிவிட்டு, யாரும் மணந்துவிடாதபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவது எமது வழக்கமாயிற்று.

சைவ உலகில் இந்தக் கேள்விக்கு விடையில்லாமல் இல்லை. உடம்பை முதலில் தாழ்வாக நினைத்திருந்ததாகவும், பின்னர் அதற்குள்ளேயே இறைவன் குடியிருக்கக் கண்டு அதனைப் பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் சொல்லுகிறார். திருமந்திரத்தின் அந்தப் பாடலை மண்டபத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டு, கீழே இறங்கி மூன்று வடையோடு தேநீர் குடித்தவர்கள் நாம். ஆனாலும் திருமூலரைச் சாட்சிக்கு இழுப்பதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது என்றும் படுகிறது. அவர் பேசியது மூச்சையும் யோகத்தையும். 90 பவுண் சப்பாத்தை அன்று. 'கோயிலைப் பேணுகிறோம்' என்று சொல்லிக்கொண்டால் எமக்குப் பிடித்ததைச் செய்வதற்கு ஒரு புனிதக் காரணம் கிடைத்துவிடும். காரணம் கிடைத்தால் 'சும்மா' போய்விடும்.

தொழில் வழியாகவும் யோசித்துப் பார்த்தோம். ஊரில் கணக்கியல் படித்தவர்களுக்குப் 'பெறுமானத்தேய்வு' என்ற சொல் தெரியும். இயந்திரம் உழைக்க உழைக்கத் தேயும். அந்தத் தேய்வை ஆண்டுதோறும் கணக்கில் எழுதாதவன் இலாபம் வந்ததாக நினைத்துத் தன் மூலதனத்தைத் தின்கிறான். எம்மிடம் கணக்குக் கொண்டுவரும் எந்த வாடிக்கையாளரும் வானின் தேய்வை மறப்பதில்லை. தம் தேய்வை ஒருவரும் எழுதுவதில்லை. இது நல்ல வாதம்தான். ஆனால் இதுவும் உடம்பை உழைக்கும் சாமானாகவே வைத்துப் பேசுகிறது. குடும்பத்துக்காக இன்னும் பத்து வருடம் உழைப்பதற்காக ஓடுகிறோம் என்றால், பெரியவர்கள் தலையாட்டுவார்கள். அப்படிச் சொன்னால் அது முழு உண்மையாகாது. நாம் ஓடுவது பிடித்திருப்பதால்.

பிடித்திருப்பதால் செய்யும் ஒன்று பிறருக்குரிய நேரத்தையும் பணத்தையும் எடுக்குமானால், அது தன்னலமா? இந்தக் கேள்வியை ஓராண்டுக்கு மேலாக நாம் தவறான இடத்தில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தோம் என்பதை ஒரு மரணம்தான் காட்டியது.

சைக்கிளைப் பின்னால் இருந்து தள்ளிய நண்பர் எமக்கு முன்னரே, 2000 ஆம் ஆண்டில், இலண்டனுக்கு வந்துவிட்டவர். இரண்டு தங்கைமாரைக் கட்டிக் கொடுத்தவர். பகலில் ஒரு பண்டகசாலையில் வேலை. மாலையிலும் வார இறுதியிலும் சொந்த வானில் வீடு வீடாகப் பொதி கொண்டுபோவார். அந்த இரண்டாவது தொழிலின் வரிக்கணக்கை ஆண்டுதோறும் நாமே செய்து கொடுத்தோம். காசு வாங்குவதில்லை, அவர் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவருவார். ஆகவே அவர் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார் என்பது அவரது மனைவியைவிட எமக்குத் துல்லியமாகத் தெரியும். வானுக்கு ஒழுங்காக எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டு, ரயர் மாற்றிய பற்றுச்சீட்டு, வருடாந்தச் சோதனைப் பற்றுச்சீட்டு எல்லாம் திகதி வாரியாக இருக்கும். "வானுக்குச் செலவழிச்சாத்தான் மச்சான் வான் உழைக்கும்" என்பார்.

2024 மார்கழியில் ஒரு ஞாயிறு மாலை பற்றுச்சீட்டுப் பையோடு வந்தார். ஜனவரி 31 கடைசித் திகதி. கணக்காளர் வீடுகளில் அது பரீட்சைக் காலம். சப்பாத்தைக் கழற்றும்போது, வாசலில் ஹீட்டருக்குக் கீழே பத்திரிகைத் தாளில் காய வைத்திருந்த எமது ஓட்டச் சப்பாத்துகளைக் கண்டார். பச்சை நிறம், சேறு. எடுத்துப் பார்த்து, "என்ன பாரமில்லாமல் இருக்கு. மகன்ரையோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றோம்.

இந்தக் கட்டுரையில் எல்லா இடத்திலும் 'நாம்' என்று எழுதுவது எளிதாக இருந்தது. இந்த இடத்தில் கூச்சமாக இருக்கிறது. அந்த 'ஓம்' சொன்னது ஒரு வாய்தான்.

ஏன் சொன்னோம்? கிழமையில் ஏழு நாளும் வேலை செய்யும் ஒருவர் முன், 'எனக்கு விளையாட நேரம் இருக்கிறது' என்று சொல்ல வெட்கம். அவர் சிரிப்பாரோ என்ற பயமும் இருந்தது. அவரைப் புண்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம் என்றும் அப்போது எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அவர் சப்பாத்தைத் திருப்பி வைத்துவிட்டு, முழங்கால் நோவதாகச் சொல்லி, படியைப் பிடித்து ஏறி வந்து இருந்தார். தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி கேட்டார்.

அவர் போன பிறகு பையைப் பிரித்தோம். பெற்றோல் பற்றுச்சீட்டுகளுக்கு நடுவில் அதே உடல்நலப் பரிசோதனைக் கடிதம் மடித்தபடி இருந்தது. அதன் திகதிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. 'கணக்குக்குத் தேவையில்லாதவை' என்று நாம் வைத்திருக்கும் கடித உறைக்குள் அதனைப் போட்டோம். கணக்கு முடிந்து பையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த உறையையும் சேர்த்துக் கொடுத்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவசரம். வாசலில் வேறொருவர் நின்றார்.

தைப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காலை, வானில் பொதி ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், வைத்தியசாலை போய்ச் சேரவில்லை. வயது 48.

இறுதிக் கிரியையில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே விடயத்தையே சொன்னார்கள். தனக்கென்று ஒன்றும் செய்யாத மனிதர். நாமும் அதனையே சொன்னோம். சொல்லும்போதே அது ஏதோ போலப் பட்டது. புகழுரையாகச் சொன்ன வசனம் மரணச் சான்றிதழில் எழுத வேண்டிய காரணம்போல ஒலித்தது.

31 ஆம் நாள் அந்தியேட்டிக்குப் போயிருந்தோம். தேநீர்த் தட்டோடு வந்த அவரது மனைவி எம் முன்னால் நின்று, "அண்ணை, நீங்கள் ஒரு வரியத்துக்கு மேலை ஓடுறீங்களாம், அக்கா சொன்னவ. இவரையும் ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமெல்லே" என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தட்டை நீட்டினார்.

ஓடியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. அது தெரியாத விடயம். ஓட்டம் யாருக்கும் எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம் அன்று. அமெரிக்காவில் ஜிம் பிக்ஸ் என்றொருவர் இருந்தார். புகைத்து, பருத்து, 35 வயதில் ஓடத் தொடங்கி, 1977 இல் ஓட்டம் பற்றி எழுதிய நூலால் பல்லாயிரம் பேரை வீதியில் இறக்கியவர். 1984 இல் ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 52. அவரது தகப்பனார் 43 வயதில் அதே நோயால் போனவர். அதனால்தான் நடுத்தர வயதில் தொடங்குபவர், அதுவும் குடும்பத்தில் இருதய நோய் இருந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும் என்கிறார்கள். நண்பர் அந்தக் கடிதத்தோடு போயிருக்க வேண்டிய இடமும் அதுவே. அவரிடம் சப்பாத்து எம்முடையது என்று சொல்லியிருந்தால், அந்தக் கடிதத்தைப் பற்றிக் கதைக்க வாய் வந்திருக்கும். ஒரு பொய் சொன்னபின் அதற்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையையும் சொல்ல முடியாமற் போகிறது.

கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "உனக்கென்ன விசரே" என்று சொல்லியிருப்பார். அவருக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நாற்காலியில் இருந்து உழைப்பவருக்கு ஓட்டம் ஆறுதல். எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கியவரிடம் 'உடம்பை அசை' என்று சொல்வது அறிவீனமாகவும் முடியலாம். எம்மிடம் இருக்கும் சனிக்கிழமை அவரிடம் இருக்கவில்லை. அதற்கு அவரது பலவீனம் காரணம் அன்று. அவருக்கு இரண்டு தங்கைமார், எமக்கு ஒருவர். அவர் வந்தவுடன் கடன் கட்டத் தொடங்கியவர், எமக்குப் பரீட்சை எழுத வழி கிடைத்தது. இதையெல்லாம் கணக்கில் எடுத்த பின்னரும் ஒன்று மிஞ்சுகிறது. மறுப்பது அவரது உரிமை. அந்த மறுப்பை அவருக்குப் பதிலாக நாமே செய்துவிட்டோம், அதுவும் மரியாதை என்ற பெயரில்.

நல்லது என்றால் அது பிறருக்காகச் செய்வது மட்டுமே என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வளர்ப்பில்தான் அம்மம்மா பாலம் தாண்டினார். அதனைக் குறைத்துப் பேச எமக்குத் தகுதி இல்லை. ஆனால் அதற்குள் இப்படி ஒரு கோணல் இருக்கிறது: தனக்காகச் செய்யும் எதுவும் கள்ளச்சாமான் ஆகிவிடுகிறது. கள்ளச்சாமானை ஒளித்துத்தான் வைக்கலாம், யாருக்கும் பங்கு கொடுக்க முடியாது. காலையில் ஓடியது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. துணைவியாரின் கேள்விக்கு விடை கண்டோம், ஊருக்குத் தொலைபேசியைப் பிற்பகலுக்கு மாற்றினோம், அம்மாவுக்கு அது வசதியாகவும் போயிற்று. தலையை மூடிய அந்தச் சட்டையில்தான் தன்னலம் இருந்தது.

இலண்டனில் இப்படி ஒளிக்காமல் ஓடிய ஒருவரை நாம் அப்போதே நினைத்திருக்கலாம். பௌஜா சிங் என்ற பஞ்சாபியர், இல்போர்டில் வாழ்ந்தவர். 1994 இல் மகனை இழந்த துயரத்திலிருந்து மீள ஓடத் தொடங்கி, 2000 ஆம் ஆண்டில் 89 வயதில் இலண்டன் மரதனை ஓடினார். 2011 இல் ரொறன்ரோவில் 100 வயதில் ஒரு முழு மரதனை, 42 கிலோமீற்றருக்கு மேல், முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகக்காரர் அதனை ஏற்கவில்லை. (பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அலைந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.) 2025 ஜூலையில், பஞ்சாபில் தமது ஊருக்கு அருகே வீதியில் வாகனம் மோதி இறந்தார். அப்போது அவருக்கு 114 வயது என்று சொல்லப்பட்டது. துயரத்துக்கு ஓடினால் தன்னலமா, சுகத்துக்கு ஓடினால் தன்னலமா என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றதாகத் தெரியவில்லை. தலைப்பாகையும் தாடியுமாக, எல்லோரும் பார்க்க ஓடினார். அவரைக் கண்டு ஓடத் தொடங்கியவர்கள் எத்தனை பேரோ.

பங்குனி மாதம் முதல் நாம் டொலிஸ் ஹில்லில் உள்ள கிளாட்ஸ்டன் பூங்காவில் சனிக்கிழமை ஓட்டத்துக்குப் போகிறோம். இது 'பார்க்ரன்' என்ற பெயரில் நாடெங்கும் நடப்பது. காயத்தால் தாம் ஓட முடியாதிருந்த போல் சின்டன்-ஹியூவிட் என்பவர் 2004 ஒக்ரோபர் 2 ஆம் திகதி புஷி பூங்காவில் 13 பேரை ஓடவிட்டு நேரம் குறித்ததில் தொடங்கியது. 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை. ஒருமுறை பெயர் பதிந்து ஒரு பட்டைக்குறியீட்டை அச்சடித்துக்கொண்டால் போதும். கிளாட்ஸ்டன் பூங்கா மேட்டு நிலம். ஏற்றத்தில் நெஞ்சு வாய்க்கு வரும், மேலே போனால் வெம்பிளி மைதானத்தின் வளைவு தெரியும். 1900 ஆம் ஆண்டுக் கோடையில் மார்க் ட்வைன் இந்தப் பூங்கா வீட்டில் தங்கியிருந்தாராம். உடற்பயிற்சி செய்ததே இல்லை என்று பெருமை பேசிய மனிதர். இன்று அந்த வீடு இல்லை.

அங்கே எமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கிழமையும் தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக வருவதே அவரது வேலை. ஆகவே அங்கே வந்த எவரும் கடைசி ஆவதில்லை. மாதத்தில் ஒரு முறை அந்த வேலையை நாம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

ஆடி மாதம் அப்படி நாம் பின்னால் நடந்த ஒரு நாளில் நண்பரின் மனைவியும் மூத்த மகளும் வந்தார்கள். துணைவியார் அழைத்திருந்தார். மகள் முதற் சுற்றிலேயே ஓடி மறைந்துவிட்டாள். தாயார் சேலைக்குப் போடும் செருப்போடு வந்திருந்தார், எம்மோடு நடந்தார். அதிகம் கதைக்கவில்லை. ஏற்றத்தில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, "இவர் வந்திருந்தா இந்த இடத்திலை திரும்பிப் போயிருப்பார்" என்றார். பிறகு சிரித்தார். 58 நிமிடம் எடுத்தது. அன்றே திரும்பும் வழியில், மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை நடந்ததை, சப்பாத்தையும் கடிதத்தையும், அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் கடிதம் இன்னும் வீட்டிலை கிடக்கு அண்ணை" என்றார். இப்போது அவர் சப்பாத்து வாங்கிவிட்டார்.

அன்னதான மண்டபத்துப் பெரியவருக்கு அன்று கொடுத்த 'சும்மாதான்' என்ற பதில் போதாது என்று பட்டதால், சென்ற வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் அவரைத் தேடிப் போய்ச் சொன்னோம். சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடக்கம், 8.45 க்கு நாம் பூங்கா வாசலில் நிற்போம், ஓட வேண்டியதில்லை, நடக்கலாம், கோயில் ஆட்கள் இப்போது ஏழு பேர் வருகிறோம் என்றோம். கொஞ்சம் யோசித்தார்.

"அங்கை தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார்.

இருக்கிறது.